திருப்பூர்ல சாவே இல்லாம போன கதை

2011 ஜனவரி. நொய்யல்ல சாயத்தண்ணி கலக்குதுன்னு ஹைகோர்ட் உத்தரவு போட்டு திருப்பூர் சாயப்பட்டறைக எல்லாம் மூடிக் கெடக்கு. நான் ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா சேந்து மூணு மாசங்கூட ஆகல. 8000 பீஸு நேவி ப்ளூ டீசர்ட்டுக்கு ஆர்டர் குடுத்த லண்டன் பையரு, துணி எங்க துணி எங்கன்னு தெனமும் மெயில் போட்டுத் தாளிக்கறாரு. மொதலாளி வந்து "கண்ணு, உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்ரு"ன்னு சொல்லிப்போட்டு டீ குடிக்கப் போய்ட்டாரு, நானும் பதனமா உக்காந்து இங்கிலீஷ்ல எழுதி அனுப்பிச்சேன்.

ஒரே ஒரு எழுத்துத்தாங்க உட்டுப்போச்சு. ஆனா பையரு படிச்சது இப்படி: "கோர்ட் உத்தரவுப்படி திருப்பூர்ல சாவறத மொத்தமா நிறுத்தியாச்சு. மறுபடி எப்ப சாவோம்னு தெரியல. பக்கத்து ஊர்ல போய்ச் சாவறதுக்கு எங்க ஆளுக எடம் தேடிட்டிருக்காங்க. லேட்டானதுக்கு மன்னிக்கோணும்."

மறுநாள் அவருகிட்ட இருந்து பதில். "அருமையான ஊரா இருக்குதே, எனக்கும் வயசாயிட்டே போகுது, அங்க ஒரு வீடு கெடைக்குமா?"

எனக்கு வெளங்குனாத்தானே! "ஏனுங்ண்ணா, பையரு இங்கயே குடிவர்றாராட்டம் இருக்குதுங்ண்ணா"ன்னேன். மொதலாளி சந்தோசத்துல அவினாசி ரோட்டுப் பக்கம் ஏசி வெச்ச வீடா பாக்கச் சொல்லி புரோக்கருக்கே போன் போட்டுட்டாரு.

கடைசில துணி தரம் பாக்கற க்யூசி அக்காதான் மெயிலைப் பாத்துட்டு வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. "தம்பி, சாயம் போடறதுக்கு டி, ஒய், அப்பறம் ஒரு ஈ, அதுக்கப்பறந்தான் ஐ என் ஜி. நீ ஈயைத் தொரத்தி உட்டுட்ட, அதான் சாவாப் போச்சு. துணில பிசிறு பொசுக்கறமே சிஞ்சிங், அதுலயும் இதே கததான், ஈ இல்லீன்னா துணி பாட்டுப் பாட ஆரம்பிச்சுரும்."

நமக்கு இந்தத் தொல்லையே இல்ல பாருங்க, சாயமும் டை, சாவறதும் டை, கழுத்துல கட்டறதும் டை, என்ற மாமா தலைக்கு அடிச்சுக்கறதும் டை, எடம் பாத்து நாமளே புரிஞ்சுக்கறோம். 1755ல இங்கிலீஷ் டிக்சனரி போட்ட சாமுவேல் ஜான்சனே சாயத்துக்கும் சாவுக்கும் ஒரே ஸ்பெல்லிங்கத்தான் போட்டிருக்காரு, அவர யாரும் வீடு வேணுமான்னு கேக்கல.

மொதலாளிக்குக் கோவம் தணிய ரெண்டு நாளாச்சு. "இனிமேல்ட்டு எந்த மெயில்னாலும் அனுப்பறதுக்கு முன்னால எங்கிட்ட சத்தமா படிச்சுக் காட்டோணும், தப்பு இருந்தா நான் புடிச்சுப்போடுவேன்"னாரு. சரீங்ண்ணான்னேன்.

அடுத்த வாரம் சார்ட்ஸ் ஆர்டரு. இடுப்பளவு எழுதோணும். திருப்பூர்ல வேஸ்ட்டுன்னா நமக்குத் தெரிஞ்சது பனியன் வேஸ்ட்டுதானே, அந்த ஸ்பெல்லிங்கையே போட்டு, வேஸ்ட் 32 இஞ்சுன்னு அடிச்சு, மொதலாளி முன்னால நின்னு கணீர்னு படிச்சேன். மனுசன் கண்ணை மூடி ஒவ்வொரு வார்த்தையா கேட்டாரு.

"ஒரு தப்பு இல்ல கண்ணு. அனுப்பு."