ஆல்ட்டோவின் மூன்று எஞ்சின் மவுண்டுகள்: வீட்டு வாசலில் மாற்றிய கணக்கு

வண்டி 2007 மாடல் மாருதி ஆல்ட்டோ எல்எக்ஸ்ஐ. 796 சி.சி., மூன்று சிலிண்டர், எஃப்8டி எஞ்சின். எஞ்சினைப் பாடியோடு பிடித்துவைக்கும், ரப்பரும் உலோகமும் சேர்ந்த மவுண்ட் மூன்றும் கம்பெனியிலிருந்து வந்தவையே, ஒருமுறைகூட மாற்றியதில்லை. ஏ.சி. போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங், உள்கண்ணாடி, டேஷ்போர்டு எல்லாம் சேர்ந்து நடுங்கும். கிளச்சை விட்டதும் அடியில் ஒரு 'டொக்'. ரிவர்ஸ் போட்டால் அது இரண்டாகக் கேட்கும்.

மூன்று சிலிண்டர் வண்டி என்றாலே கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், நிமிடத்துக்கு 900 சுற்று ஓடினால் நொடிக்கு 22 அல்லது 23 முறை வெடிப்பு. அதே வேகத்தில் நான்கு சிலிண்டர் 30 முறை வெடிக்கும். அதிர்வு எவ்வளவு மெதுவாக வருகிறதோ, ரப்பரால் அதை விழுங்குவது அவ்வளவு கடினம். போதாததற்கு முதல் சிலிண்டரும் மூன்றாவதும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து இழுப்பதால் எஞ்சின் சீசா போல ஆடும். புது வண்டியில் இதையெல்லாம் மவுண்ட் தாங்கிக்கொள்கிறது. ரப்பர் தொய்ந்து, உள்ளே இருக்கும் உலோகம் பிராக்கெட்டில் உட்கார்ந்துவிட்டால் அத்தனையும் நேராக பாடிக்கு வந்துவிடும்.

மவுண்ட் என்று முடிவுகட்டும் முன் எஞ்சின் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தாக வேண்டும். பிளக் மூன்றையும் கழற்றி வரிசையாக வைத்தபோது மூன்றும் ஒரே பழுப்பு நிறம். த்ராட்டில் பாடியும் ஏர் ஃபில்டரும் சுத்தம் செய்த பிறகும் நடுக்கம் குறையவில்லை. அனுபவத்தில் எளிய அடையாளம் ஒன்று உண்டு: மிஸ்ஃபையர் (ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்காதது) நடுக்கம் தாளம் தப்பும், மவுண்ட் நடுக்கம் தாளம் தப்பாது. சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் வளையங்களையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். அவை அறுந்திருந்தாலும் இதே 'டொக்' வரும்.

அடுத்து பானெட்டைத் திறந்துவைத்து ஒரு சோதனை. ஹேண்ட்பிரேக் முழுக்க இழுத்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஃபுட்பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, முதல் கியரில் கிளச்சைக் கடிக்கும் இடம் வரை மட்டும் விட்டார். மற்றவர் ஃபெண்டர் ஓரமாக நின்று பார்த்தார். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சினின் மேல்மூடியான வால்வு கவரின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலைப் பிடித்து அளந்ததில் எஞ்சின் 30 மி.மீ.க்கு மேல் எகிறியது. ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் அதே அளவு. நல்ல மவுண்டாக இருந்தால் ஒரு விரல் கனத்துக்கு மேல் நகராது.

காரணம் மவுண்ட் பக்கத்திலேயே வழிந்துகொண்டிருந்தது. வால்வு கவர் பேக்கிங்கிலிருந்து கசிந்த ஆயில், டைமிங் பெல்ட் பக்க மவுண்டின் மேல் வருடக்கணக்கில் இறங்கி ரப்பரைப் பஞ்சுபோல் ஊதவைத்திருந்தது. நகத்தால் கிள்ளினால் துணுக்காக வந்தது. இந்த ரப்பர் பெரும்பாலும் இயற்கை ரப்பர். ஓயாமல் வளைந்து நிமிர்ந்தாலும் சோராது, ஆனால் ஆயிலும் டீசலும் பட்டால் உப்பிவிடும். வாட்டர் சர்வீஸில் துரு பிடிக்காது என்று சொல்லி அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடித்துவிடும் வழக்கம் இருக்கிறதே, தகட்டுக்கு அது நல்லதோ கெட்டதோ, சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்கும் மவுண்டுக்கும் எமன். கசிவை அடைக்காமல் மவுண்ட் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். அதனால் வால்வு கவர் பேக்கிங்கும் வாங்கும் பட்டியலில் சேர்ந்தது.

கிழிந்திருந்தது ஒன்றுதான், மற்ற இரண்டும் தொய்ந்திருந்தன. ஒன்றை மட்டும் மாற்றினால் உயரமாக நிற்கும் புது ரப்பர் தன் பங்குக்கு மேல் சுமக்கும், எஞ்சினும் சாய்ந்து நிற்கும். ஆகவே மூன்றும் ஒரே கம்பெனி, செட்டாக. கடையில் பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். உலோகமும் ரப்பரும் ஒட்டும் ஓரத்தில் முடி அளவு பிளவுகூட இருக்கக் கூடாது. பெருவிரலால் அழுத்தினால் கொஞ்சமாவது இறங்க வேண்டும். கல்லுபோல் இருக்கும் டூப்ளிகேட் மவுண்ட் பல வருடம் கிழியாமல் இருக்கும்தான், ஆனால் முதல் நாளிலிருந்தே பழைய மவுண்டைவிட மோசமாக நடுங்கும்.

முதல் நாள் மாலை வேலை ஒன்றே ஒன்றுதான்: எல்லா போல்ட்டையும் ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஆயில் அடித்துவிட்டு அப்படியே விடுவது. இரவு முழுக்க ஊறியதால் மறுநாள் ஒரு போல்ட்கூட முறியவில்லை.

மறுநாள் காலை. சமதளமான சிமென்ட் தரை, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, பேட்டரி நெகட்டிவ் கழற்றியாயிற்று. முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் நிறுத்தி, வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக உலுக்கிப் பார்த்த பிறகே அடியில் போவது. வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கியை நம்பி யாரும் அடியில் தலை வைக்கக் கூடாது, ஒரு நிமிட வேலையானாலும் சரி. பேட்டரியும் ஏர் ஃபில்டர் பெட்டியும் வெளியே வந்துவிட்டால் மேலிருந்து கை தாராளமாகப் போகும். பயன்பட்ட சாமான்கள்: 12, 14, 17 சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும், 10 அங்குல எக்ஸ்டென்ஷன், நீளக் கைப்பிடி, போல்ட்டை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச், இரண்டு டன் டிராலி ஜாக்கி, 20க்கு 25 செ.மீ. அளவில் ஒரு கனமான பலகை.

அந்தப் பலகைதான் எஞ்சினுக்குத் தலையணை. எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான ஆயில் சம்ப் மெல்லிய தகடு. ஜாக்கித் தலை நேரடியாகப் பட்டால் குழிந்துவிடும். உள்ளே ஆயில் உறிஞ்சும் சல்லடை அடித்தகட்டுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது, குழி ஆழமானால் ஆயில் ஓட்டத்துக்கே இடைஞ்சல். பலகை சம்ப்பின் அகலம் முழுக்க உட்கார்ந்ததும், எடை ஜாக்கிக்கு மாறும் வரை மட்டும் ஏற்ற வேண்டும். 10 மி.மீ. போதும். அதற்கு மேல் போனால் ரேடியேட்டர் ஹோஸ், ஆக்சிலரேட்டர் கேபிள், சைலன்சரின் முன் குழாய் எல்லாம் இழுபடும்.

ஒரு நேரத்தில் ஒரு மவுண்ட். மூன்றையும் சேர்த்துக் கழற்றினால் எஞ்சினைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். டைமிங் பெல்ட் பக்க மவுண்ட் மேலிருந்தே வந்துவிட்டது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடு உலோகக் குழல் 7 மி.மீ. கீழே இறங்கியிருந்தது.

கியர்பாக்ஸ் பக்கம்தான் நிதானம் வேண்டிய இடம். அங்கே போல்ட் போய்ப் பிடிப்பது அலுமினிய உடலில். துளை ஒன்றிரண்டு மி.மீ. விலகியிருந்தால் போல்ட்டையே முறுக்கி இழுத்துச் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் அலுமினிய மரை சீவிக்கொண்டு வந்துவிடும், பிறகு லேத்காரரிடம் புது மரை போடும் வேலை. இங்கே துளை விலகியதும் ஜாக்கியை அரைப் பம்ப் இறக்கி, கூர்நுனிக் கம்பியை ஒரு துளையில் விட்டு நெம்பிப் பிடித்துக்கொண்டு அடுத்த துளையில் போல்ட் விடப்பட்டது. முதல் நான்கைந்து சுற்று விரலாலேயே போக வேண்டும். விரலுக்கு மசியவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, வெளியே எடுத்துவிட்டு மறுபடி விட வேண்டும்.

பின் மவுண்ட் அடியிலிருந்துதான் எட்டும். எஞ்சின் முன்னும் பின்னும் உருளாமல் பிடித்துக்கொள்வது இதன் முக்கிய வேலை. கிளச் விடும்போது கேட்ட 'டொக்'கின் பெரும்பங்கு இதிலிருந்துதான். நைலான் வளையம் உள்ள நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதிது போட்டாயிற்று.

இப்போது எல்லாரும் கோட்டைவிடும் இடம். மூன்றையும் மாட்டியதும் ஒவ்வொன்றாக இறுக்கிவிடத்தான் கை போகும். ஆனால் ஜாக்கியில் தூக்கிய நிலையில் நடு போல்ட்டை இறுக்கினால், எஞ்சின் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். புது மவுண்ட் போட்டும் நடுக்கம் போகவில்லை என்று வரும் புலம்பலில் பாதி இதனால்தான். சரியான வரிசை வேறு. எல்லா போல்ட்டையும் கையிறுக்கமாக விட்டு, எஞ்சின் அடியிலிருந்து ஜாக்கியை முழுதாக எடுத்து, எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் நாலைந்து முறை ஆட்டி உட்காரவிட வேண்டும். முதலில் பாடியோடு சேரும் பிராக்கெட் போல்ட்டுகள், பிறகு எஞ்சின் பக்கம், கடைசியாகத்தான் ரப்பர் வழியாகப் போகும் நடு போல்ட்டுகள். எம்10 (10 மி.மீ. விட்டம்) போல்ட்டுக்கு 50 நியூட்டன் மீட்டர், எம்8க்கு 23 வைத்து இறுக்கப்பட்டது. மரையில் கிரீஸ் தடவினால் அதே அளவு டார்க்கில் (முறுக்கு விசையில்) போல்ட் கூடுதலாக இழுபடும், ஆகவே மரை காய்ந்தபடியே இருந்தது.

ஸ்டார்ட் செய்ததும் ஐடில் சில நிமிடம் ஏறி இறங்கியது. பேட்டரி கழற்றியதால் வருவது, தானே சரியாகிவிடும். சாக்பீஸ் கோட்டில் மறுபடி அளந்தால் அசைவு 8 மி.மீ. 'டொக்' இல்லை. ஏ.சி. போட்டாலும் உள்கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிந்தது.

ஆனால் புதிதாக ஒரு 'ங்ங்' ஓசை, சுமார் 2,000 சுற்றில் மட்டும். எஞ்சின் 7 மி.மீ. உயர்ந்துவிட்டது, பழைய உயரத்திலேயே வளைந்து பழகிய சைலன்சர் முன் குழாய் வெப்பத் தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு குழாய் இணைப்பு போல்ட்டுகளைத் தளர்த்தி, குழாயைத் தொங்கவிட்டுத் தன் இடத்தில் நிற்கவைத்து மறுபடி இறுக்கியதும் ஓசை போய்விட்டது. பழைய பேக்கிங் நொறுங்கியிருந்ததால் அதுவும் புதிது.

500 கி.மீ. ஓடிய பிறகு டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்ததில் பின் மவுண்டின் ஒரு போல்ட் மட்டும் கால் சுற்று போனது. மற்றவை அசையவில்லை. வால்வு கவர் ஓரம் காய்ந்தே இருக்கிறது.