ஏழு மணி அணிவகுப்பும் தூக்குச் சட்டித் தீர்த்தமும்

முகூர்த்தம் ஆறு முதல் ஏழரை என்று பத்திரிகையில் போட்டிருந்தால் எங்கள் குடும்பம் ஏழே முக்காலுக்கு மண்டபத்தில் நுழையும். தாலி கட்டுவதைக் கண்ணால் பார்த்தவர் எங்கள் வம்சத்தில் அத்தான் ஒருத்தர்தான். அதுவும் அவர் கல்யாணத்தில். கட்ட வேண்டிய ஆள் அவர் என்பதால் வேறு வழியில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ராணுவத்திடமிருந்து அழைப்பு வந்தது. அக்கா மகன் அக்னிவீரனாகச் சேர்ந்து, குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் பயிற்சி முடிக்கிறான். சத்தியப்பிரமாண அணிவகுப்பு. குடும்பத்தார் காலை ஏழு மணிக்கு இருக்கையில் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பயல் எச்சரித்தான்: "மாமா, ஏழுன்னா இங்க ஆறே முக்கால்." சொல்வது யார்? பிளஸ் டூ பரீட்சை அன்றைக்கே முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிவிடப்பட்டவன்.

கோவில்பட்டியிலிருந்து 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முதல் நாள் காலை ஐந்துக்குக் கிளம்பி, ராத்திரி மேட்டுப்பாளையத்தில் தங்கி, விடியுமுன் மலையேறுவதாகத் திட்டம். வேன் நாலரைக்கே வந்து நின்றது. அத்தானுக்குப் போன் போட்டேன். "கிளம்பியாச்சு மாப்ள" என்றார். அத்தான் அகராதியில் கிளம்பியாச்சு என்றால் பல் தேய்க்கப் போகிறார் என்று அர்த்தம். அப்புறம் கடலைமிட்டாய் கடை திறக்கும்வரை நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். "2020-ல புவிசார் குறியீடு வாங்குன பண்டம். அதுல போயி நேத்து போட்டதையா கொடுக்கிறது?" வேன் புறப்படும்போது மணி எட்டு நாற்பது.

அம்மா மடியில் ஒரு மினரல் வாட்டர் பாட்டில். மூடியில் மஞ்சள் கயிறு. குலசாமி கோயில் கிணற்றுத் தீர்த்தம், பேரன் தலையில் தெளிப்பதற்கு. பாட்டிலை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. திருமங்கலம் தாண்டுவதற்குள் என் மகள் ஒரு தடவை தெரியாமல் குடிக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மதுரை, திண்டுக்கல் எல்லாம் சுமாராகக் கடந்தோம். ஒட்டன்சத்திரத்தில் மார்க்கெட்டைப் பார்த்ததும் பெரியம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். "திரும்பி வரும்போது வாங்கலாம் பெரியம்மா" என்றேன். "அப்ப விலை இறங்கியா இருக்கும்?" நாலு கிலோ முருங்கைக்காய் ஏறியது. நீளம் அதிகம் என்பதால் அது சீட்டுக்கு நடுவில் குறுக்கே படுத்துக்கொண்டது. மேட்டுப்பாளையம் வரைக்கும் பின்சீட்டிலிருந்து யார் இறங்கினாலும் முருங்கைக்காயைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

லாட்ஜில் உட்கார்ந்து நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்கப் பார்த்தோம். 2024 மே மாதத்திலிருந்து அது இல்லாமல் வெளியூர் வண்டி மேலே போக முடியாது. மகள் அத்தானின் நம்பரைப் போட்டுவிட்டாள். ஓடிபி வரவில்லை. வந்திருக்கும், ஆனால் அத்தானின் போன் கோவில்பட்டி வீட்டில் சார்ஜில் இருந்தது. என் நம்பரைப் போட்டு மறுபடி முதலிலிருந்து.

அக்கா அன்றைக்குத் தூங்கவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்து மூன்றரைக்கு எல்லாரையும் உலுக்கி எழுப்பினாள். நாலரைக்கு வேன் கிளம்பியது. நாலரை என்று சொல்லி நாலரைக்கே! டிரைவர் அண்ணன் நம்பாமல் இரண்டு தடவை தலை எண்ணினார்.

கல்லாறு சோதனைச் சாவடியில் டார்ச் அடித்தார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. அங்கிருந்த இளைஞர் அம்மா மடியைக் காட்டினார்.

"அந்தப் பாட்டில் மேல போகக்கூடாதுங்க."

"இது தண்ணி இல்லய்யா. சாமி."

"சாமி போகலாங்க. பாட்டில் போகாதுங்க."

இதற்கு அம்மாவிடம் பதில் இல்லை. வண்டியில் வேறு பாத்திரம் தேடினோம். இருந்தது ஒன்றே ஒன்று, ராத்திரி புளியோதரை தின்று முடித்த சில்வர் தூக்குச் சட்டி. கழுவலாம் என்றால் தண்ணீர்? இருந்த தண்ணீர் பாட்டில்களையும் அந்த இளைஞர் வாங்கி வைத்துவிட்டார். அம்மா முந்தானையால் துடைத்துவிட்டுத் தீர்த்தத்தை ஊற்றினாள். வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன். லேசான மஞ்சள். மேலே நல்லெண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. "மஞ்சள் மங்கலந்தானே" என்று மூடியை அழுத்தினாள்.

குன்னூருக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பெரியம்மாவுக்கு நாலாவதிலேயே எலுமிச்சம்பழம் தேவைப்பட்டது, அதற்குமேல் விவரம் வேண்டாம். அம்மா மட்டும் தூக்கைக் கட்டிக்கொண்டு ஜன்னலோடு ஒட்டியிருந்தாள். பர்லியார் பக்கம் பலாப்பழத்துக்கு யானை இறங்கும் என்று டிரைவர் சொன்னதிலிருந்து அப்படி. யானை வரவில்லை. யானை ஜாக்கிரதை என்கிற போர்டுகள்தான் வந்தன.

ஆறு இருபதுக்கு மைதானத்தில் இருந்தோம். பாதி நாற்காலிகள் காலி. "பாத்தியா, ஒருத்தனையும் காணோம். இதுக்குத்தான் அவசரப்படாதீங்கன்னேன்" என்றார் அத்தான். ஆறே முக்காலுக்குத் திரும்பிப் பார்த்தால் ஒரு நாற்காலி மிச்சமில்லை. ஏழு மணிக்கு, அதாவது சரியாக ஏழு மணிக்கு, பேண்ட் முழங்கியது.

ஒரே உயரம், ஒரே முடிவெட்டு, ஒரே கை வீச்சு. நம்ம பயல் எவன் என்று தெரியவில்லை. அத்தான் ஒருவனைக் காட்டினார், அக்கா வேறொருவனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். தேசியக் கொடிக்கு முன்னால், அவரவர் வேதப் புத்தகத்தின் மேல் ஆணையிட்டு உறுதிமொழி எடுத்தார்கள். அப்போது பேரிரைச்சலாக இருந்த எங்கள் வரிசையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்புறம் எல்லாரும் சேர்ந்து முழங்கினார்கள்:

"வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!"

1758-ல் தொடங்கிய படை. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் என்று நாலு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே குரலில் அதைக் கத்தும்போது எனக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. அம்மா என் கையைச் சுரண்டினாள்: "யாரைல அடிக்கச் சொல்லுதாங்க?"

முடிந்ததும் கறுத்து மெலிந்த ஒருவன் எங்களை நோக்கி வந்து "மாமா" என்றான். அக்கா பாய்ந்து கட்டிக்கொண்டாள். அத்தான் அவன் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எதையோ தேடுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா தூக்கைத் திறந்தாள்.

தடுத்திருக்கலாம். நான் தடுக்கவில்லை. உள்ளங்கை நிறைய அள்ளி அவன் தலையில் ஒரு வீசு, நெஞ்சில் ஒரு வீசு. கஞ்சி போட்டு விறைத்த சட்டையில் மஞ்சள் சொட்டுகள். முகம் பார்க்கிற மாதிரி பளபளத்த பூட்ஸில் நல்லெண்ணெய். பயல் அசையவில்லை. அது அட்டென்ஷனா, ஆச்சி மேல் பயமா என்று சொல்ல முடியாது. அந்த நேரம் பார்த்து அவனுடைய உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுத்தவர், அங்கே வந்துவிட்டார். "நீயும் வாய்யா, பிள்ளையப் பாத்துக்கிட்டவன்" என்று அவர்மேலும் ஒரு வீசு. அவர் மீசையைத் துடைத்து விரலை முகர்ந்து பார்த்தார். மலையாளம் கலந்த தமிழில் இது என்ன வாசனை என்று கேட்டார்.

"புளியோதரை சார்" என்றார் அத்தான்.

உஸ்தாத் சிரித்த பிறகுதான் பயலுக்கு மூச்சே வந்தது. அம்மா அவன் முகத்தைத் துடைக்கப்போனவள் தொப்பியில் நின்றுவிட்டாள். "ஏலே, யானை!"

"எங்க ரெஜிமெண்ட் சின்னம் ஆச்சி. 1803-ல அசாயே போர்ல ஜெயிச்சதுக்குக் கிடைச்சது."

"ராத்திரியெல்லாம் இதைத்தாம்ல தேடிக்கிட்டு வந்தேன்" என்றவள் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். தும்பிக்கைக்குப் பக்கத்தில் ஒரு கடுகு ஒட்டியிருந்தது. நகத்தால் மெதுவாக எடுத்துப் போட்டாள்.

கடலைமிட்டாய் டப்பா அவன் கூட்டாளிகள் கையில் ஐந்து நிமிஷத்தில் காலி. பயல் மணி பார்த்தான். "ஒன்பதரைக்கு டீ. நாம ஒன்பது இருபதுக்கே அங்க இருக்கணும். அப்பா எங்க?"

தூரத்தில் கழிப்பறைப் பக்கமிருந்து குரல் வந்தது.

"கிளம்பியாச்சு!"