221(ஜி): ஆடி, ஆவணி நாட்குறிப்பு

ஜூலை 17, 2025

என்னிடம் விசா ஆலோசனைக்கு வந்த கோவைப் பையனுக்கு அமெரிக்க மாணவர் விசா இன்டர்வியூ முடிந்தது. கையில் 221(ஜி) ஸ்லிப், அதாவது கூடுதல் ஆவணம் கேட்டு கேஸை நிறுத்திவைக்கும் சீட்டு. கெமிக்கல் இன்ஜினியரிங் பிஎச்டி. பயோடேட்டா, கட்டுரைப் பட்டியல், ஆய்வுத் திட்டம், வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதம் கேட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட் கையிலேயே இருக்கிறது.

பதில் அனுப்ப ஒரு வருடம் இருக்கிறதே என்று ஆறப்போடக் கூடாது. கேட்டது போய்ச் சேரும்வரை கேஸ் நகராது.

ஜூலை 18

ஆய்வுத் திட்டத்தை மாற்றி எழுதச் சொன்னேன். நாலு பக்கத்தில் பாதி சமன்பாடு. ஒரு பக்கம் போதும்: என்ன பொருள், எதற்குப் பயன்படும், பணம் யார் தருகிறார்கள், முடிவுகள் வெளிப்படையாகப் பிரசுரமாகுமா. ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய தொழில்நுட்பமா என்பதுதான் அங்கே கேள்வி. எதையும் மறைக்கக் கூடாது. வேதியியல் படிக்காதவருக்கும் புரிய வேண்டும்.

ஜூலை 21

இணையத்தில் விசா ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘ரெஃப்யூஸ்டு’, மறுக்கப்பட்டது என்று. அவன் அம்மா போனில்: “பையன் நல்லாத்தானுங்க பதில் சொன்னான், ஏன் வேண்டாம்னுட்டாங்க?” கேஸ் இன்னும் முடியலைங்கம்மா, 221(ஜி)க்கும் அந்தப் பக்கம் அப்படித்தான் காட்டும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அந்த ஒரு சொல் எத்தனை வீட்டில் சோறு இறங்காமல் செய்கிறது!

ஜூலை 23

ஸ்டேட்டஸ் பக்கத்தில் கேஸைக் கடைசியாகப் புதுப்பித்த தேதி நகரவில்லை.

ஜூலை 28

மதுரைப் பெண்ணுக்கு 214(பி), மாணவர் விசாவுக்குத் தகுதியை நிரூபிக்கவில்லை என்ற மறுப்பு. இதுதான் நிஜ நிராகரிப்பு. மேல்முறையீடு கிடையாது, மறுபடி விண்ணப்பிக்கலாம். புது டிஎஸ்-160 (விசா விண்ணப்பப் படிவம்), விசா கட்டணம் மறுபடி 185 டாலர். செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவேடு) கட்டணம் 350 டாலரை மட்டும், 12 மாதத்துக்குள் அதே வகை விசா என்றால், திரும்பக் கட்ட வேண்டாம். பழைய ரசீது பத்திரம்.

உடனே அடுத்த இன்டர்வியூ ஸ்லாட் தேடாதே என்றேன். எது மாறியிருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வாள்? “ஏன் இந்த யூனிவர்சிட்டி?” என்ற கேள்விக்கு ரேங்கிங் என்று சொல்லியிருக்கிறாள். எந்தப் பாடம், எந்த லேப், படித்துவிட்டு இங்கே என்ன வேலை, ஒன்றும் இல்லை. வங்கிக் கணக்கில் சமீபத்தில் ஒரு பெரிய தொகை ஏறியிருக்கிறது. அப்பா நிலம் விற்ற பணமாம். நல்ல பணம்தான், ஆனால் கிரயப் பத்திரம் ஃபைலில் இல்லை, அவளும் சொல்லவில்லை. பத்திரம் கூட இருந்திருக்க வேண்டும்.

பயத்தில் இன்ஸ்டாகிராம் கணக்கை அழிக்கப் போகிறாளாம். கூடவே கூடாது. ஐந்து வருடத்தில் பயன்படுத்திய கணக்கையெல்லாம் டிஎஸ்-160 கேட்கிறது. போன மாதத்திலிருந்து மாணவர் விசாவுக்கு அவை பொதுப் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 1

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: ஸ்டேட்டஸ் பக்கமே திறக்கவில்லை. பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. அப்படியானால் டிஎஸ்-160-இல் சொந்தப் பெயர் சர்நேம் கட்டத்துக்குப் போகும், கிவன் நேமில் எஃப்என்யூ (முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்). பக்கம் கேட்கும் முதல் ஐந்து எழுத்தும் அந்தச் சொந்தப் பெயருடையது. அவர் அப்பா பெயரைப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 4

கோவைப் பையனின் தேதி நகர்ந்திருக்கிறது! ஆனாலும் ரெஃப்யூஸ்டு. யாரோ ஃபைலைத் தொட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 8

கோவைப் பையனின் ஐ-20-இல் (யூனிவர்சிட்டி தரும் சேர்க்கைச் சான்று) படிப்பின் தொடக்கம் ஆகஸ்ட் 25. இனிமேல் கான்சுலேட்டைவிட யூனிவர்சிட்டிக்கு எழுதுவதுதான் அவசரம். சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு இன்றே போன கேள்விகள்: கடைசியாக எந்தத் தேதி வரை வரலாம்? ஜனவரிக்குத் தள்ளினால் உதவித்தொகை நிற்குமா? செவிஸ் நம்பர் அதேதானா?

மூன்றாவதுதான் என்னைத் தூங்க விடவில்லை. தொடக்கத் தேதி தாண்டியும் யாரும் தள்ளிவைக்காமல் விட்டால் செவிஸ் ரெக்கார்டு ரத்தாகிவிடும், புது நம்பர் வாங்க வேண்டியிருக்கும். கான்சுலேட் ஃபைலிலோ பழைய நம்பர். விசா தயாராகும் நேரத்தில் ஐ-20 செத்துக் கிடக்கும்.

ஆகஸ்ட் 15

விடுமுறை. இருந்தும் பார்த்தேன்.

ஆகஸ்ட் 19

பதில் வந்தது. செப்டம்பர் 5 வரை வரலாம், இல்லையென்றால் ஜனவரி. நம்பர் மாறாது. உதவித்தொகையைத் துறைதான் சொல்ல வேண்டுமாம். பேராசிரியருக்கு எழுதச் சொன்னேன், பதிலை எழுத்தில் வாங்கச் சொன்னேன். டிக்கெட் எடுக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 26

தேதி மறுபடி நகர்ந்திருக்கிறது. மெயில் இல்லை. பாஸ்போர்ட்டைக் கேட்பதானால் மெயிலில்தான் கேட்பார்கள், ஸ்பாம் பெட்டியையும் காலையும் மாலையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஜனவரி ஐ-20 வந்தால் அதன் பிரதி அன்றே கான்சுலேட்டுக்குப் போக வேண்டும், கேஸ் நம்பரோடு.