கோட்டை பார்க்கப் போய் தட்டான் பார்த்த கதை

முதலில் அந்த ஆட்டோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனசு ஆறாது. ராயக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, "கோட்டைக்குப் போகணும்ண்ணா" என்றதும், "முன்னூறு ஆகும் சார், சுத்திப் போகணும்" என்றார். கெஞ்சிக் கூத்தாடி இருநூற்றைம்பதுக்கு முடித்தோம். ஏறி உட்கார்ந்து, பையை மடியில் சரியாக வைப்பதற்குள் "இதான் அடிவாரம், இறங்குங்க" என்றார். சாயங்காலம் அதே வழியில் நடந்தே திரும்பினோம், கடலை கொறித்துக்கொண்டு. மலை ஊரின் தலைக்கு மேலேயே நிற்கிறது. யாரும் ஆட்டோ ஏறாதீர்கள்.

இரண்டு பேருக்கு அன்றைய மொத்தக் கணக்கே எண்ணூறு ரூபாய். அதில் கால்வாசிக்கு மேல் காலையிலேயே போய்விட்டது என்றால் எனக்கு எப்படி இருக்கும்!

கூட வந்தவன் சித்தி மகன். பூச்சிப் படம் எடுப்பவன். நான் கோட்டைப் பைத்தியம். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகருக்கு ரயில் கிடையாது, ராயக்கோட்டைக்கு உண்டு. ஆனால் ரயில் நேரம் எங்களுக்குத் தோதுப்படவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் காலி தக்காளிக் கிரேடுகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றுதான் வந்தோம்.

நான் எழுத நினைத்தது என்னவோ கோட்டையைப் பற்றித்தான். பாரமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்துக்கு அந்தக் காலப் பெயர்) கோட்டைகளில் ஒன்று, திப்புவின் கையில் இருந்தது, 1791இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் மேஜர் கௌடி படையோடு வந்து பிடித்தார், அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு பாரமகாலே கும்பெனிக்குப் போய்விட்டது என்றெல்லாம் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். அத்தனையும் பாதி மலையில் ஒரு சுனையோரம் நின்றுபோனது.

மூச்சு வாங்க, பாறையில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தேன். "அண்ணா, கையை அசைக்காத" என்றான் தம்பி. பாம்போ என்று உயிரே போய்விட்டது. "கட்டை விரலுக்குப் பக்கத்துல பாரு." பார்த்தேன். பாறைதான் தெரிந்தது. சாம்பல் நிறம், கருப்புத் திட்டு, அங்கங்கே அழுக்கு வெள்ளை. இன்னும் உற்றுப் பார்த்தபோது அந்தத் திட்டுகளில் ஒன்றுக்கு மட்டும் கண் இருந்தது!

தட்டான். ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். நாம் பார்க்கிற மஞ்சள் தட்டான், சிவப்புத் தட்டான் போல வெயிலில் மினுக்காது. உடம்பு முழுக்கக் கருப்பும் சாம்பலும் கலந்து கருங்கல்லைப் பொடித்துத் தூவியது போல இருக்கிறது. கண்ணின் மேல்பாதி பழுப்பு, கீழே வெளிர்ந்துபோகிறது. நான்கு இறக்கையும் கண்ணாடி. அவற்றைப் பாறையோடு பாறையாக விரித்து ஒட்ட வைத்துக்கொள்கிறது, அதனால் நிழல்கூட விழுவதில்லை. ஒவ்வொரு இறக்கையின் நுனிப்பக்கமும் ஒரு சின்னப் பொட்டு. நடுவில் கருப்பு, இரண்டு ஓரத்திலும் வெள்ளை. அந்தப் பொட்டுக்கு எடை உண்டாம். மிதந்து பறக்கும்போது இறக்கை படபடவென்று உதறாமல் பிடித்துவைப்பது அதுதானாம். வாலின் முனையில் ஒரு துளி வெள்ளை. ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும் என்றான்.

நான் கையை எடுத்ததும் விருட்டென்று கிளம்பி, நாலடி தள்ளிச் செங்குத்துப் பாறையில் ஒட்டியது. ஒட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனாலும் தொலைத்துவிட்டேன்.

ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் கிரானைட் கோஸ்ட், கிரானைட் பேய். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு இருக்க முடியாது. வழியெல்லாம் லாரி லாரியாகக் கருங்கல் போகிற ஊர். அறிவியல் பெயர் பிராடினோபைகா ஜெமினேட்டா. 1842இல் ராம்பூர் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்தது. இந்தியா முழுக்கப் பரவலாக இருக்கிறது, இலங்கையிலும் உண்டு. மலையாளத்தில் மதில்தும்பி என்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. நாம் எல்லாவற்றையும் தட்டான் என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

சுனை ஒரு அண்டா அளவுதான். புரட்டாசி மழைத் தண்ணீர் நின்றிருந்தது. இந்தத் தட்டானுக்கு ஏரியும் ஆறும் வேண்டாம். பாறைக் குழி, கிணறு, சிமெண்டுத் தொட்டி போதும். ஒன்று தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து வாலை டொக் டொக் என்று தொட்டுத் தொட்டு எடுத்தது. முட்டை விடுகிறதாம்.

தம்பி டீ கப்பில் அடிச்சேற்றை அள்ளிக் காட்டினான். சேற்று நிறத்தில், இறக்கையில்லாத, அகன்ற வயிற்றோடு ஒரு பூச்சி. தட்டான் குஞ்சு. வண்ணத்துப்பூச்சி போல இதற்குக் கூட்டுப்புழு நிலை கிடையாது. தண்ணீருக்குள்ளேயே தோலை உரித்து உரித்து வளரும். மூச்சு விடுவது பின்பக்கத்தால். மலக்குடலுக்குள் செவுள். அவசரமென்றால் அந்தத் தண்ணீரையே பின்னால் பீய்ச்சி, ராக்கெட் மாதிரி முன்னால் பாயும். கப்பிலேயே பாய்ந்து காட்டியது. கீழுதடு மடங்கி முகத்தின் அடியில் இருக்கும். கொசுப்புழு பக்கத்தில் வந்தால் அது கை போல நீண்டு கவ்விக்கொண்டு திரும்பும். அதைப் பார்க்க இருபது நிமிஷம் காத்திருந்தோம். நான் கண் சிமிட்டிய நேரத்தில் நடந்து முடிந்துவிட்டது.

தண்ணீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே பாறையில் ஒரு காலிச் சட்டை ஒட்டியிருந்தது. முதுகு பிளந்து, உள்ளேயிருந்து வெள்ளை நூல்கள் தொங்கின. கடைசித் தோலை உரித்து வெளியே வரும்போது மூச்சுக்குழாயின் உள்பூச்சும் கழன்று வந்துவிடுமாம், அதுதான் அந்த நூல். நகம் மட்டும் இன்னும் பாறையைப் பிடித்திருந்தது. "இதே தட்டானோடதா?" என்றேன். "அடிச்சுச் சொல்ல மாட்டேன், மஞ்சத் தட்டானும் இந்த மாதிரிக் குழியில முட்டை விடும்" என்றான். சுனை வற்றுவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும், இல்லையென்றால் குஞ்சோடு போச்சு.

பக்கத்துச் சுனையில் தண்ணீர் பாட்டில், சிப்ஸ் கவர், உடைந்த பீர் பாட்டில். மலை ஏறி வந்து குடிக்கிறவர்கள் காலிப் பாட்டிலைக் கீழே எடுத்துப் போனால் கை தேய்ந்தா போய்விடும்? ஆறு பாட்டில் எடுத்துப் பையில் போட்டோம், அதற்கு மேல் இடமில்லை.

கோட்டை? மேலே போனோம். மதில் இருக்கிறது, காற்று பிரமாதம். மதிலில் நான் தேடியது தட்டானை.

இறங்கியதும் பசி. புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு, கறிக் குழம்பு வைக்கிற கடையில் எல்லாம் ஊரே நின்றது. ஒரு சின்ன மெஸ்ஸில் கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். உருண்டையிலிருந்து ஆவி பறந்தது. நான் மெல்லுவதைப் பார்த்துவிட்டு, "மெல்லாதீங்க சாமி, குழம்புல தோச்சு முழுங்குங்க" என்றார் பரிமாறிய அக்கா. அவர் சொன்னபடி விழுங்கியதும் மிளகு தொண்டை வரை இறங்கியது. இரண்டாவது உருண்டைக்குக் காசு கேட்கவில்லை. ஆட்டோக்காரரை அந்த இடத்தில் முக்கால்வாசி மன்னித்தேன். ஆளுக்கு நூற்று நாற்பது.

போகிறவர்கள் காலை ஏழுக்குள் ஏற ஆரம்பித்துவிடுங்கள், தண்ணீர் கொண்டு போங்கள், மேலே கடை இல்லை. மழைக்காலத்தில் பாறை வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பஸ் நேரம் எழுதி வைத்திருந்தேன், அந்தத் தாளில் கடலை மடித்தாயிற்று.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் தம்பி திடீரென்று ஓடினான். கழிப்பறைக்குப் பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியின் சுவரில், காறை பெயர்ந்த இடத்தில், அதே சாம்பல் திட்டு, அதே கண். மூக்கைப் பிடித்துக்கொண்டு நானும் நின்று பார்த்தேன். அவன் பதினோராவது படம் எடுக்கும்போது கிருஷ்ணகிரி பஸ் எங்களைத் தாண்டிப் போனது.