1970 சி-10: ஜூலை நாட்குறிப்பு

ஜூலை 3, வியாழன்

1970 செவர்லே சி-10 பிக்கப் டிரக்கின் பழைய இன்ஜினை விடியற்காலையிலேயே இறக்கிவிட்டோம். சான் அந்தோனியோ வெயிலில் பத்து மணிக்கு மேல் கராஜில் இரும்பைத் தொட முடியாது. வரிசையாக ஆறு சிலிண்டர், 250 கன அங்குலம், அதாவது 4.1 லிட்டர், இறக்கும் நாள் வரை அது புகை கக்கவில்லை. டிரெய்லரைக் கட்டிக்கொண்டு மேடேற வலு போதாது என்பது ஒன்றே அதன் குறை. 31-ஆம் தேதிக்குள் வண்டி தன் சக்கரத்தில் தானே வெளியேற வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

விடுமுறை. கடைகள் இல்லை. அளவெடுப்பதோடு நாள் முடிந்தது.

ஜூலை 6, ஞாயிறு

புதிய இன்ஜினைத் துடைத்துச் சுத்தம் செய்தோம். 2002 செவர்லே சில்வராடோ பிக்கப்பிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர் வி-8. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் இரண்டும் அலுமினியம். ஆக்ஸிலேட்டருக்கு இதில் கேபிள் இருப்பதால்தான் இதைத் தேடி எடுத்தேன். பழைய பெடலை அப்படியே பயன்படுத்தலாம்.

இதன் சக்தி 285 குதிரைத்திறன். பழையதற்கு 1970-இல் 155 என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அது துணைக்கருவிகள் ஏதும் பூட்டாமல் சோதனை மேடையில் அளந்த கணக்கு. 1972-இல் அளக்கும் முறை மாறியபோது அதே 250 இன்ஜினுக்கு 110 என்று அச்சிட்டார்கள். ஆகவே சக்தி இரண்டரை மடங்குக்கு மேல் கூடுகிறது. பிரேக் மட்டும் 1970-இலேயே நிற்கிறது.

ஜூலை 9, புதன்

இன்ஜினுக்கான மின்கம்பித் தொகுப்பு, வயரிங் ஹார்னஸ், இன்னும் வரவில்லை.

ஜூலை 12, சனி

இன்ஜின் இருப்பிடத்தில் அமர்ந்தது. மவுன்ட் துளைகள் பொருந்தாததால் இடையில் இரும்புத் தகடு வைத்து முடுக்கினோம். சில்வராடோவின் ஆயில் பேன், அதாவது இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தட்டு, மிகவும் ஆழமானது. அதையே விட்டிருந்தால் சேஸிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பருக்குக் கீழே தொங்கிச் சாலையில் உரசும். ஆழம் குறைந்த பேன் போட்டால் எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் மாற்ற வேண்டும், அந்தக் குழாயின் கழுத்தில் விரல் மோதிரத்தைவிடச் சற்றே பெரிய ரப்பர் ஓ-ரிங் ஒன்று இருக்கிறது. அது மடங்கினாலோ கிழிந்தாலோ பம்ப் எண்ணெயோடு காற்றையும் இழுக்கும், பேரிங்குகள் தேயும். மகள் விளக்கைப் பிடிக்க, எண்ணெய் தடவி மெல்லச் செருகினேன். "சரியாத்தான் உக்காந்திருக்கு, விடுங்கப்பா" என்றாள். மீண்டும் கழற்றிப் பார்த்த பிறகே பேனை மூடினேன்.

ஜூலை 15, செவ்வாய்

இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. 1967 முதல் 1972 வரை இப்படித்தான் செய்தார்கள். கார்புரேட்டர் காலத்தில் இன்ஜினின் பக்கவாட்டில் இருந்த பம்ப், சதுர அங்குலத்துக்கு ஒரு சில பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலை மெல்ல இழுத்தது. பெட்ரோலைப் பீய்ச்சும் புதிய இன்ஜெக்டர்களுக்கு 58 பவுண்டு வேண்டும். அவ்வளவு அழுத்தமுள்ள குழாய், வண்டியை ஓட்டப்போகும் மகளின் தோளுக்குப் பின்னால் ஓடுவதை நான் ஏற்கவில்லை. டேங்கைப் பின்பக்கம், தளத்துக்கு அடியில், சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவே மாட்டுகிறோம். பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும். ஃபில்டர், கார்வெட் காருக்கானது; அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருப்பதால், மிஞ்சிய பெட்ரோல் திரும்பும் குழாயை இன்ஜின் வரை இழுக்க வேண்டியதில்லை.

ஹார்னஸ் வந்தது. திருட்டுத் தடுப்புப் பூட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கியே அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூலை 16, புதன்

தூக்கமில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்.

ஜூலை 19, சனி

வீட்டுச் சாமான்களில் பாதி பெட்டிக்குள் போய்விட்டது. ஸ்பேனர்கள் மட்டும் வெளியே கிடக்கின்றன. இன்று முழுவதும் பிரேக் பற்றிய யோசனைதான்.

வேகம் ஒன்றரை மடங்கானால் பிரேக் உள்வாங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது, டிரெய்லரின் எடை இதற்கு மேல். சக்கரத்தோடு சுழலும் உருளையான டிரம் சூடேறினால் விரிந்து, பிரேக் கட்டைகளை விட்டு விலகும். பெடல் மேலும் மேலும் கீழே போகும். மழை நீர் புகுந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பழைய இன்ஜினின் மந்தமே இத்தனை ஆண்டுகளாக இந்தப் பிரேக்குகளைக் காப்பாற்றி வந்தது. அந்தக் காவலை நாங்கள் கழற்றி ஓரமாக வைத்துவிட்டோம்.

1971-இல்தான் செவர்லே இந்த வண்டிகளுக்கு முன் டிஸ்க் பிரேக்கை எல்லாவற்றிலும் கொடுத்தது. அந்த ஆண்டு வண்டியின் முன்பகுதியை எடுத்துப் பூட்டலாம். ஆனால் அதில் சக்கரத்துக்கு ஐந்து போல்ட், இதில் ஆறு. முன்னால் ஐந்தும் பின்னால் ஆறுமாக ஓடும் வண்டிக்கு ஒரே ஸ்டெப்னி உதவாது. நெடுஞ்சாலையில் டயர் பஞ்சரானால் மகள் என்ன செய்வாள்? ஆறு போல்ட்டுக்கே பொருந்தும் டிஸ்க் தொகுப்பை வாங்கியாயிற்று. விலையைப் பார்க்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றியாக வேண்டும். டிரம்முக்கான சிலிண்டர், குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும். டிஸ்க்குக்கு அது ஆகாது, பிரேக் பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

ஜூலை 24, வியாழன்

ஓடுகிறது!

பெட்ரோல் பம்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறும் வரை ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுழற்றினோம். முள் அசைந்த பிறகுதான் ஃப்யூஸைச் செருகினேன். சாவியை மகள்தான் திருப்பினாள். ஒரு முறை உறுமி, உடனே நிதானத்துக்கு வந்துவிட்டது. எண்ணெய் 40 பவுண்டில் நின்றது. ஓ-ரிங் சரியாகவே இருக்கிறது. ஹெட்டுகளில் தங்கும் நீராவியை வெளியேற்றும் சிறு குழாயை ரேடியேட்டரின் மேல்பகுதியோடு இணைத்திருந்ததால், காற்றுக்குமிழிகள் தாமாகவே வெளியேறின. இவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நீண்ட காலமாகிறது. அண்டை வீட்டுப் பெரியவர் வேலிக்கு அப்பாலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஜூலை 27, ஞாயிறு

டிஸ்க் பூட்டி, குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றினோம். ஆனாலும் பெடல் மெத்தென்றே இருக்கிறது. "இன்னிக்கி ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்று மகள் கேட்டாள். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. வேண்டாம் என்றேன். அவள் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 28, திங்கள்

பின் டிரம்மில் இடைவெளியைக் குறைத்ததும் பெடல் உயர்ந்தது. ஆனாலும் இடது பின் சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் தெரிகிறது; பிரேக் எண்ணெயா, அச்சு எண்ணெயா என்று டிரம்மைக் கழற்றினால்தான் தெரியும். நாளை ஐந்து மணிக்கே கழற்ற வேண்டும்.