தனியாக நடக்கும் பெருவிரல்

இரவு பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. கிளிநொச்சிக் கச்சான் காற்று வேலியோலையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. போனில் சார்ஜ் 23 வீதம். அதையும் கிற்றார் கலைஞர் டொமி இம்மானுவேலின் வீடியோவுக்கே கொடுத்தேன்.

ஒஸ்ரேலியாக்காரர், 1955இல் பிறந்தவர். மேடையில் ஒரேயொரு கிற்றார், வேறு ஆளில்லை. ஆனால் கண்ணை மூடிக் கேட்டால் மூன்று பேர். பெருவிரல் தடித்த கம்பிகளில் தன்பாட்டுக்கு பேஸ், அதாவது அடித்தொனி, போட்டு நடக்கிறது. மெட்டை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. உள்ளங்கையின் ஓரம், கம்பிகள் கிற்றாரின் உடம்பில் பொருந்தும் பிரிட்ஜில் லேசாகப் படுத்திருக்கும்; அதனால்தான் அந்த பேஸ் இழுபடாமல் 'டும்' என்று நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வருடம் போனது. சொல்லித்தர ஆளில்லை என்று சாட்டுச் சொல்லலாம், சோம்பலும்தான்.

இடையில் கிற்றாரின் உடம்பைத் தட்டி, பிரஷால் உரசி, டிரம்ஸும் வாசித்துவிடுகிறார். அவருடைய மேட்டன் கொம்பனிக் கிற்றாரில் பூச்சுத் தேய்ந்து மரம் தெரிகிறது. இவ்வளவுக்கும் மனிதருக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது!

அவர் பெருவிரலில், கம்பியைச் சுண்ட ஒரு வளையப் பிக் போடுவார். நான் சம்பூப் போத்தலை வெட்டி, சுடுதண்ணியில் வளைத்து ஒன்று செய்தேன். வியர்வையில் வழுக்கி நேரே கிற்றாரின் ஓட்டைக்குள் விழுந்தது. தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருக்க, அம்மம்மா இருட்டுக்குள் இருந்து கேட்டா: "தம்பி, உதுவும் பாட்டோ?"

சார்ஜ் ஒன்பது வீதம். பேஸ் தொடங்கும் இடத்துக்கு மறுபடி இழுத்தேன்.