வெள்ளம் புகுந்த கிணறு: இறைப்பு, தூர், அப்புறம்தான் மருந்து

ஆறு வடிந்ததும் கிணற்றில் இரண்டு கை பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். கலங்கல் தண்ணீரில் கிடக்கும் வண்டலும் அழுகலுமே பவுடரில் உள்ள குளோரினைத் தின்றுவிடும். கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. முதலில் இறைத்து, தூர் எடுத்து, கடைசியில்தான் மருந்து.

இறைப்பதிலும் அவசரம் ஆகாது. சுற்றுமண் ஊறிக் கனத்திருக்கும்போது, கிணற்றுக்குள் நிற்கும் தண்ணீர்தான் சுவரை உள்ளிருந்து தாங்குகிறது. அதை ஒரே மூச்சில் வெளியேற்றினால் உறை விலகும், பழைய கல்கட்டு என்றால் சரிந்தே விடும். ஆற்றுமட்டம் நன்றாக இறங்கும்வரை பொறுத்திருந்து, பிறகு கொஞ்சம் இறைப்பது, நிறுத்துவது, சுவரில் புது விரிசலோ மண் கசிவோ உண்டா என்று பார்ப்பது, மறுபடி இறைப்பது. இரண்டு மூன்று நாள் பிடித்தாலும் பரவாயில்லை.

மூழ்கிக் கிடந்த மோட்டாரை உடனே ஓட்டினால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் (காயில்) புகைந்துவிடும். கழற்றிக் காயவைத்துச் சோதித்த பிறகுதான் மின் இணைப்பு. டீசல் எஞ்சினை எக்காரணத்துக்கும் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் வாயு, அதற்கு மணம் கிடையாது. விளக்கை இறக்கி, அணையவில்லை என்றால் இறங்கலாம் என்பார்கள். அது ஆக்ஸிஜன் குறைவை மட்டுமே காட்டும், இந்த வாயுவைக் காட்டாது. தூர் எடுக்க இறங்குபவர் உடலில் கயிறு, மேலே இரண்டு பேர். உள்ளே ஒருவர் மயங்கினால் கயிற்றால் இழுக்க வேண்டும், பின்னாலேயே குதிக்கக் கூடாது.

தூர் எடுத்து ஊற்று ஏறித் தெளிந்ததும் கணக்கு. விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் × 0.785, எல்லாம் மீட்டரில். கிடைப்பது கன மீட்டர். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீரும் என்றால் 9.42, அதாவது 9,420 லிட்டர். முதல் மருந்துக்கு 1,000 லிட்டருக்கு 60 கிராம் வீதம் சுமார் 565 கிராம் பவுடர். புதிதாகப் பிரித்த பவுடரில்தான் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். நாள்பட்டுத் திறந்து கிடந்ததை நம்பி அளக்க முடியாது.

ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிட வேண்டும். அடியில் தங்கும் வெள்ளை மண்டி சுண்ணாம்பு. அது கிணற்றில் விழுந்தால் தண்ணீர் இன்னும் கடினமாகும். தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்து, நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி மேலும் கீழும் ஆட்ட வேண்டும். மேலாக ஊற்றினால் அடிவரை கலக்காது. உட்சுவரையும் அதே கரைசலால் தேய்த்துக் கழுவலாம்.

ஒரு ராத்திரி விட்டு, நெடி போகும்வரை இறைக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் குளத்தில் விட்டால் மீன் செத்து மிதக்கும். பிறகு வழக்கமான அளவு: 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். மிஞ்சினாலும் சில வாரம் கொதிக்கவைத்தே குடிப்பது நல்லது. குளோரினுக்கு அடங்காத ஒட்டுண்ணிகள் உண்டு. டீசலோ பூச்சிமருந்தோ கலந்திருந்தால் குளோரினும் உதவாது, கொதிக்கவைப்பதும் உதவாது.

தினமும் மருந்திட்டும் மிச்சக் குளோரின் காணாமல் போகிறதா? பக்கத்துக் கழிவறைக் குழியிலிருந்து கசிவு வருகிறதா என்று தேடுங்கள்.